நள்ளிரவில் ஒலித்த மணி: ஒரத்தநாட்டுச் சத்திரமும் தலைமையின் குணமும்

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை நோக்கித் தெற்கே செல்லும் சாலையில் அமைந்துள்ளது ஒரத்தநாடு. இன்று அவ்வூரைச் சுற்றிலும் நெல்வயல்கள் பசுமை விரித்து நிற்கின்றன. அந்தப் பசுமை பழமையானதன்று. காவிரி மேட்டூர்த் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்டு 1934ஆம் ஆண்டில் நீர் பெற்ற கல்லணைக் கால்வாய்தான் இம்மேட்டு நிலத்திற்குக் காவிரியைக் கொண்டு வந்தது. அதற்கு முன்னர், தஞ்சையின் நீர்வளம் மிகுந்த பாசனப் பரப்பைக் கடந்து வறண்ட நிலத்துள் கால் வைக்கும் இடமாக ஒரத்தநாடு இருந்தது. இராமேசுவரம் நோக்கி நடந்து சென்ற வழிப்போக்கர்க்குச் சோறும் நீரும் நிழலும் மிகத் தேவைப்பட்ட இடம் அது.

அவ்விடத்தில் 1802ஆம் ஆண்டில் ஓர் அறச்சாலை எழுந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரியவரும் பட்டத்தரசி என்னும் நிலை பெறாதவருமான முக்தாம்பாளின் பெயரால் அதனை நிறுவினார். தாம் மறைந்த பின்னர் தம் பெயரால் அன்னதானம் நடைபெற வேண்டும் என்று அவ்வம்மையார் இறுதிக்காலத்தில் வேண்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. முக்தாம்பாள் சத்திரம் என்ற பெயரே ஊரின் பெயராகவும் சில காலம் வழங்கியது. குதிரைகளும் யானைகளும் ஈர்த்துச் செல்லும் தேர் போல அமைந்த அதன் முகப்பு இன்றும் காண்போரை நிறுத்தி வைக்கும் அழகுடையது.

கட்டடத்தின் அழகைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அக்கட்டடத்துள் பணியாற்றிய மக்களைப் பற்றி நினைப்பவர் குறைவு. அறச்சாலையை அரசர் நிறுவுகிறார்; அதனை நாள்தோறும் நடத்துபவர் மணியக்காரரும் கணக்கரும் சமையற்காரரும் நீர் சுமப்பவரும் மருத்துவரும் ஆசிரியரும் ஆவர். பசித்து வருபவன் அரசரைக் காண்பதில்லை. சோறிடும் கையைத்தான் காண்கிறான். அந்தக் கை முகஞ்சுளித்து இடுகிறதா, முகமலர்ந்து இடுகிறதா என்பதில்தான் அறத்தின் உயிர் இருக்கிறது. ஊழியர் தம் கடமையின் எல்லையைத் தாண்டிப் பிறர்க்கு உதவுவதற்குத் தலைவரின் குணம் எவ்வாறு காரணமாகிறது என்பதை அறிய விரும்புவோர்க்குத் தஞ்சையின் சத்திர வரலாறு நல்லதொரு பாடம்.

போர்க்காலத்தில் ஒரு சொல்

இப்பாடம் சரபோஜிக்கு முந்திய தலைமுறையில் தொடங்குகிறது. 1781ஆம் ஆண்டை ஒட்டிய காலம். ஐதர் அலியின் படையெடுப்பால் தஞ்சை நாடு சிதைந்து கிடந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் பசியால் வாடினர். நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது. அதனைக் கோட்டைக்குள் கொண்டுவர மாடுகள் இல்லை. மாடுகளை வைத்திருந்த குடியானவர்களோ வர மறுத்தனர். முன்பு கொடுத்த பொருளுக்கும் செய்த வேலைக்கும் உரிய விலை அவர்களுக்குக் கிடைத்ததில்லை. அரசரின் வாக்குறுதியும் கம்பெனியாரின் வாக்குறுதியும் அவர்களிடம் மதிப்பிழந்து போயிருந்தன.

அந்நிலையில் தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் மக்களுக்குக் கடிதம் விடுத்தார். கொண்டுவரும் மாட்டுக்கும் தானியத்துக்கும் தம் கையாலேயே விலை கொடுப்பதாக உறுதி கூறினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. நெருக்கடி தீர்ந்ததும் அவர் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டியதைக் கணக்குத் தீர்த்து, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார். ஐதர் அலியே கம்பெனியின் தூதர்களில் இவரைத்தான் நம்பி 1779ஆம் ஆண்டில் தம்மிடம் வரச் சம்மதித்தார் என்பதையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

பின்னொரு சமயத்தில், வரிக்கொடுமை தாங்காமல் பெருந்தொகையான உழவர்கள் தஞ்சை நாட்டை விட்டு வெளியேறினர். நிலங்கள் தரிசாயின. அவர்களைத் திரும்ப அழைக்கும் பொறுப்பும் சுவார்ட்ஸிடமே வந்தது. அவருடைய சொல்லை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். உழவுக்குரிய பருவம் கடந்துகொண்டிருந்தது. விரைந்து பணியைத் தொடங்குமாறு அவர் வேண்டியபோது, தம்மிடம் அன்பு காட்டியவர் அதற்காக வருந்த நேராது என்றும், இரவு பகலாக உழைத்துத் தம் நன்றியைக் காட்டுவோம் என்றும் அவர்கள் விடை கூறினர்.

இரவு பகலாக உழைக்குமாறு அவர்களை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வுழைப்புக்குத் தனிக் கூலியும் பேசப்படவில்லை. கோலும் கட்டளையும் விரட்டியபோது ஓடிய அதே மக்கள், நம்பத்தக்க ஒருவர் வந்து நின்றபோது கேட்டதற்கும் மேலாகச் செய்தனர். நிலமும் பருவமும் உழவரும் மாறவில்லை. அவர்களிடம் பேசிய மனிதர் ஒருவரே மாறியிருந்தார்.

ஆட்சி இழந்தவர் காத்த அறம்

இந்தச் சுவார்ட்ஸின் கண்காணிப்பில் வளர்ந்தவர்தான் சரபோஜி. 1777ஆம் ஆண்டில் பிறந்த அவரைத் துளஜா மன்னர் 1787ஆம் ஆண்டில் மகனாக ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டில் துளஜா மறைந்தார்; அமர்சிங் அரியணை ஏறினார். இளஞ்சிறுவர் சரபோஜி அரண்மனைக்குள்ளேயே இன்னல்களுக்கு ஆளானார். சுவார்ட்ஸின் முயற்சியால் அவருக்குப் பாதுகாப்பும் கல்வியும் கிடைத்தன. 1793ஆம் ஆண்டில் சென்னைக்கு அனுப்பப்பட்டுப் பல மொழிகளும் அறிவியலும் கற்றார். 1798ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவார்ட்ஸ் மறைந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சரபோஜி முடிசூடினார். ஆசிரியரின் சமயத்தை மாணவர் ஏற்கவில்லை. தம் முன்னோரின் சமயநெறியிலேயே இறுதிவரை நின்றார். ஆசிரியரின் குணத்தை மட்டும் மறக்கவில்லை. அவருக்கு ஜான் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சையில் நிறுவினார்.

முடிசூடிய மறு ஆண்டே, 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குச் சென்றது. கோட்டையும் ஆண்டுதோறும் ஒரு தொகையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே மன்னர்க்கு எஞ்சின. படையில்லை, வரி விதிக்கும் உரிமையில்லை, நாட்டைத் தண்டித்து ஆளும் அதிகாரமுமில்லை. இத்தகைய நிலையில் வேறொருவர் கேளிக்கையில் மூழ்கியிருக்கலாம். சரபோஜி சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார். தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆய்வு நடத்தினார். 1805ஆம் ஆண்டளவில் அரண்மனையில் அச்சுக்கூடம் அமைத்தார். கண்நோயாளிகளைப் பற்றி வண்ண ஓவியங்களுடன் எழுதி வைக்கப்பட்ட மருத்துவக் குறிப்புகள் இன்றும் சரசுவதி மகாலில் உள்ளன. ஒவ்வொரு நோயாளியின் கண்ணையும் தனித்தனியே வரைந்து வைக்கும் பொறுமை, அங்குப் பணியாற்றியோர்க்கு வழக்கமாகியிருந்தது. மன்னரே ஏட்டை விரித்து ஆராய்ந்த இடத்தில் ஊழியர் சோம்பியிருத்தல் இயலாது.

1801ஆம் ஆண்டுக் கடிதம்

ஆட்சி கைமாறியபோது சரபோஜிக்குப் பெருங்கவலை ஒன்று எழுந்தது. தம் முன்னோர் இராமேசுவரச் சாலையில் நிறுவிய சத்திரங்களின் நிலை என்னாகும் என்பதே அக்கவலை. அவருக்கு முன்னரே பிரதாபசிங் மன்னர் காலத்தில் நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் போன்ற அறச்சாலைகள் எழுந்திருந்தன. அவற்றின் இயல்பை விளக்கி 1801ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தஞ்சையிலிருந்த கம்பெனிப் பிரதிநிதி பெஞ்சமின் டோரினுக்குச் சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். தமிழக அறச்சாலைகளின் வரலாற்றில் அக்கடிதத்திற்குத் தனியிடம் உண்டு. ஒரத்தநாட்டுச் சத்திரம் அதற்கு மறு ஆண்டில் எழுந்தது. ஆகவே அப்புதிய சத்திரத்தைக் கட்டியவரின் உள்ளத்தில் எத்தகைய அறச்சாலை உருப்பெற்றிருந்தது என்பதற்கு அக்கடிதமே சான்று.

அதன் செய்திகளைச் சுருக்கமாகக் கூறலாம். அந்தணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதியாரும், யோகியர், சங்கமர், பைராகியர் முதலிய எல்லாப் பயணியரும் சத்திரத்தில் உணவு பெறுவர். சமைத்த சோற்றை உண்ணாதவர்க்கு அரிசியும் கறிப்பொருள்களும் அளந்து தரப்படும். நள்ளிரவு வரையில் உணவு வழங்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டெனில் வருக என்று உரத்த குரலில் அழைப்பர். ஏதேனும் காரணத்தால் பயணத்தைத் தொடர இயலாதவர், தங்கியிருக்கும் காலமெல்லாம் உணவு பெறுவர்.

ஒவ்வொரு சத்திரத்திலும் வேதம் ஓதுவிப்போரும், பள்ளி ஆசிரியரும், நோய்களையும் வீக்கங்களையும் நச்சுக்கடிகளையும் தீர்க்க வல்ல மருத்துவரும் உண்டு. வந்தவிடத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆசிரியரின் பொறுப்பில் விடப்படுவர். அவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, உடுக்க உடை, விரும்பிய துறையில் கல்வி, கற்று முடித்தபின் திருமணச் செலவு. நோயுற்று வருவோர் குணமாகும் வரை மருந்தும் பத்திய உணவும் பெறுவர். ஏழைகளுக்குப் பால் விலையின்றிக் கிடைக்கும். கருவுற்ற பெண்கள் தனிப் பரிவுடன் பேணப்படுவர். சத்திரத்திலேயே மகப்பேறு நேர்ந்தால் அச்செலவு சத்திரத்தைச் சேரும். அதன்பின் மூன்று மாதம் வரை அங்குத் தங்கலாம். இறந்தவர்க்கு அவரவர் முறைப்படி இறுதிக்கடனும் செய்யப்படும்.

இக்கடிதத்தில் இருவகைச் செய்திகள் கலந்து வருவதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மூன்று வேளை, நான்கு நாள், மூன்று மாதம் என்பன அளந்து காணத்தக்கவை. ஆணையிட்டு நடத்தலாம், கணக்கெழுதிச் சரிபார்க்கலாம். ஆனால் நோயாளியை மதிப்புடனும் அன்புடனும் கவனிக்க வேண்டும், கருவுற்ற பெண்ணிடம் தனிப் பரிவு காட்ட வேண்டும் என்பவற்றை எந்தக் கணக்குப் பிள்ளையும் எழுதிக் காட்ட இயலாது. அவை ஊழியரின் உள்ளத்தினின்று வர வேண்டியவை. சரபோஜி இவ்விரண்டையும் ஒரே மூச்சில் எழுதினார். சோற்றளவைப் போலவே பரிவும் சத்திரத்தின் கடமை என்று அவர் கருதியது அதனால் விளங்கும்.

நள்ளிரவு மணியின் பொருளும் அதுவே. பகலெல்லாம் அடுப்படியில் நின்ற சமையற்காரர்க்கு இரவானதும் களைப்பு மிகும். கதவை மெல்லச் சாத்திவிட்டால் கேட்பவர் எவருமில்லர். இருளில் தயங்கி நிற்கும் ஒருவரைக் கூவி அழைப்பது தம் வேலையைத் தாமே கூட்டிக்கொள்வதாகும். இரப்பவன் வாய்திறந்து கேட்குமுன் அவனைத் தேடி அழைக்கும் வழக்கம் ஓர் அறச்சாலையில் நிலைபெற வேண்டுமானால், கலத்தில் எஞ்சிய சோற்றைக் காட்டிலும் உண்ணாமல் போன வயிற்றைப் பற்றிக் கவலைப்படுபவரே தலைவராக இருத்தல் வேண்டும்.

இக்கடிதம் மன்னர் தம் குலத்தின் அறத்தைத் தாமே எடுத்துரைத்தது என்பதையும் மறத்தலாகாது. அக்காலச் சமுதாயத்தின் குறைகளும் அதில் இல்லாமலில்லை. எல்லோர்க்கும் உணவு உண்டு. எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர் என்று கொள்வதற்கில்லை. சத்திரத்திற்கு வந்த நெல்லை விளைவித்த பண்ணையாட்களின் வாழ்வு துயர் மிகுந்தது. இவற்றை ஒப்புக்கொண்ட பின்னரும் கடிதத்தின் இறுதிப் பகுதி நெஞ்சைத் தொடுகிறது. அறத்தின் பொருட்டுத் தஞ்சை நாடு தர்மராச்சியம் எனப் பிற நாடுகளிலும் புகழப்படுவதையே தம் நிலைக்குரிய பெருமைகளுள் தலையாயதாகக் கருதுவதாக அவர் எழுதினார். கொடியும் படையும் போன பின்னர் ஒரு மன்னர் எதனைத் தம் பெருமையாக எண்ணினார் என்பதை அவருடைய ஊழியர் அனைவரும் அறிந்திருந்தனர். தலைவர் எதனைப் பெருமையாகக் கொள்கிறாரோ, அதனையே ஊழியரும் வேலையாகக் கொள்வர்.

அறிஞர் கூறும் காரணங்கள்

இவ்வுண்மையை அண்மைக்கால அறிஞர்கள் முறைப்படி ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவைச் சேர்ந்த செஸ்டர் பர்னார்டு 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எந்த அமைப்பும் தன் உறுப்பினரின் ஒத்துழைக்கும் விருப்பத்தையே அடித்தளமாகக் கொண்டு நிற்கிறது என்று எடுத்துக்காட்டினார். 1980களில் டென்னிஸ் ஆர்கன் என்பவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும், பணிவிதிகளில் எழுதப்படாத, தனி ஊதியமும் பெறாத உதவிச் செயல்களை ஒரு தனித் துறையாகவே வகுத்தனர். உடன் பணியாற்றுபவர்க்குத் தாமே முன்வந்து உதவுதல், ஒருவரும் கண்காணிக்காத போதும் கடமையைச் செவ்வனே செய்தல், சிறு இடையூறுகளை முறையிடாமல் பொறுத்தல், தம் செயலால் பிறர்க்கு இடர் நேராதபடி முன்கூட்டியே அறிவித்தல், நிறுவனத்தின் பொதுநலனில் அக்கறை கொள்ளுதல் என்று அவற்றை ஐந்தாகப் பகுத்தார் ஆர்கன்.

இச்செயல்கள் எங்கு மிகும் என்பதை ஆராய்ந்தோர் மீண்டும் மீண்டும் தலைவரின் குணத்திடமே வந்து சேர்ந்தனர். காரணங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, மனிதர் கண்டு கற்பவர். ஆல்பர்ட் பண்டுரா விளக்கிய இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, மைக்கேல் பிரவுன், லிண்டா டிரெவினோ, டேவிட் ஹாரிசன் ஆகியோர் 2005ஆம் ஆண்டில் அறவழித் தலைமையைப் பற்றி எழுதினர். தலைவர் சொல்வதைக் காட்டிலும் அவர் செய்வதையே ஊழியர் பாடமாகக் கொள்கின்றனர். இரண்டாவது, நன்றி. நியாயமாக நடத்தப்பட்டவர் அதற்கு ஈடாக ஏதேனும் செய்ய விரும்புவர். ஊதியம் வரையறைக்கு உட்பட்டது. ஆகவே அந்நன்றி வரையறைக்கு வெளியே உள்ள உதவியாக வெளிப்படும். மூன்றாவது, நம்பிக்கை. இன்று மிகையாக உழைத்தால் நாளை அதுவே சுமையாகத் தம் தலையில் ஏற்றப்படும் என்று அஞ்சுபவர் கணக்குப் பார்த்தே உழைப்பர். தலைவர் தம்மை ஏய்க்கமாட்டார் என்று நம்புபவர் கணக்குப் பார்ப்பதில்லை.

தஞ்சை உழவர் சுவார்ட்ஸுக்குக் கூறிய விடையில் நன்றியும் நம்பிக்கையும் இருந்தன. தன்வந்திரி மகாலின் குறிப்பேடுகளில் கண்டு கற்றல் இருந்தது. ஆய்வுக்கூடங்கள் பின்னர் பெயரிட்டவற்றைக் காவிரிக்கரை மக்கள் வாழ்ந்து காட்டியிருந்தனர்.

சமண நெறியில் வளர்ந்தோர் இச்சத்திர வரலாற்றில் தமக்கு மிகவும் பழக்கமான ஒன்றைக் காண்பர். ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என்று நால்வகைத் தானங்களைச் சமணச் சான்றோர் வகுத்துரைத்தனர். சத்திரத்தில் சோறும் மருந்தும் கல்வியும் அடைக்கலமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. சரபோஜி சமணநூல் கற்று இவ்வாறு அமைத்தார் என்று கூறுவதற்கில்லை. கரந்தை, மன்னார்குடி, தீபங்குடி முதலிய ஊர்களில் சமணக் கோயில்களைக் கொண்ட அந்நாட்டில், மனிதனுக்கு மனிதன் தரவேண்டியவை எவை என்பதில் சமயங்கள் கருத்தொருமித்திருந்தன என்பதே பொருத்தமான முடிவு. நால்வகைத் தானத்திற்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. கொடுப்பவரின் மனம் தூயதாக இருத்தல் வேண்டும். ஓர் அறக்கட்டளையில் கொடுப்பவர் என்பது பொருள் தந்தவரை மட்டும் குறிப்பதன்று; அப்பொருளைக் கையால் எடுத்துத் தருபவரையும் அது குறிக்கும்.

சுருங்கிய வாயில்

சரபோஜி 1832ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மகன் இரண்டாம் சிவாஜி 1855ஆம் ஆண்டில் ஆண்வாரிசு இன்றி மறைந்ததும், தஞ்சை அரசு முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. காலப்போக்கில் சத்திரங்களின் நிருவாகம் ஜில்லா போர்டின் கைக்கு வந்தது. இருப்புப்பாதை வந்தபின் கால்நடையாகச் செல்லும் பயணியர் குறைந்தனர். ஒரத்தநாட்டிலும் கடற்கரையை ஒட்டிய இராசாமடத்திலும் சத்திர வருவாயைக் கொண்டு மாணவர் விடுதிகள் நடைபெற்றன. சோறு வழங்கிய இடம் கல்விக்கும் துணை நின்றது நல்ல மாற்றமே. ஆனால் அம்மாற்றத்தோடு ஒரு சுருக்கமும் புகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடுதிகளில் பிராமண மாணவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது.

அந்தணர் முதல் பறையர் வரை அனைவர்க்கும் என்று 1801ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அறத்தின் வாயில், ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஒரு வகுப்பாருக்கு மட்டும் திறந்திருந்தது. நிலங்கள் இருந்தன, வருவாய் வந்தது, கணக்குகள் எழுதப்பட்டன, அடுப்பும் எரிந்தது. அறக்கட்டளை என்ற பெயரும் மாறவில்லை. எஞ்சியோரையும் கூவி அழைக்கும் மணி ஒன்றுதான் நின்று போயிற்று. இதற்கு அங்குப் பணியாற்றிய சமையற்காரரையோ எழுத்தரையோ குறை கூறிப் பயனில்லை. வாயிலில் எவரை நிறுத்த வேண்டும் என்று மேலிருப்பவர் வகுத்தபின், உள்ளே இருப்பவரின் இரக்கத்திற்கு வழியில்லாமற் போகிறது. நல்ல தலைமை ஊழியரின் நற்குணத்தை வெளிக்கொணர்வது போலவே, குறுகிய தலைமை அந்நற்குணத்தைப் பூட்டி வைக்கவும் வல்லது.

மீண்டும் திறந்தவர்

அப்பூட்டைத் திறந்தவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். 1888ஆம் ஆண்டில் திருவாரூரை அடுத்த சிற்றூரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் தஞ்சையில் வழக்கறிஞராக விளங்கியவர் அவர். நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். 1924ஆம் ஆண்டு முதல் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராகப் பணியாற்றினார். ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளின் நிலையைக் கண்ட அவர், பிராமணரல்லாத மாணவர்களும் ஆதிதிராவிட மாணவர்களும் அங்குத் தங்கிப் பயில வழி செய்தார். வடமொழிக் கல்விக்கே உரியதாயிருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் பயிலவும் இடம் உண்டாக்கினார். அப்பணியில் கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் தலைவர் தமிழவேள் உமாமகேசுவரனார் அவருக்குத் துணை நின்றார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பன்னீர்செல்வம் புதிய அறக்கட்டளை ஒன்றை நிறுவவில்லை. சத்திரத்தின் நிலங்களை அவர் வாங்கியதுமில்லை. இருந்த கட்டடம், இருந்த வருவாய், இருந்த அடுப்பு ஆகியவற்றைக் கொண்டே, நிறுவியவரின் முதல் நோக்கத்தை மீட்டுத் தந்தார். அவர் சரபோஜியின் சமயத்தவரல்லர், மொழியினரல்லர், அரச குலத்தவருமல்லர். ஆயினும் அச்சத்திரத்தின் உண்மையான வழித்தோன்றல் அவரே என்று கூறினால் மிகையாகாது. உழவர் குடும்பங்களிலிருந்தும் சேரிகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் அவ்விடுதிச் சோற்றை உண்டு படித்தனர். 1940ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இலண்டன் செல்லும் வழியில் ஓமான் வளைகுடாப் பகுதியில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தபோது தமிழ்நாடே கலங்கியது.

அறங்காவலர்க்கு ஒரு சிந்தனை

ஒரத்தநாட்டு வரலாற்றின் இவ்விரு பகுதிகளையும் இணைத்துப் பார்த்தால், தலைமையின் குணத்தைப் பற்றிய உண்மைகள் சில தெளிவாகின்றன. தலைவரின் குணம் பேச்சால் ஊழியரைச் சென்று சேர்வதில்லை. கணக்குத் தீர்க்கும் நேர்மையிலும், யாரை முதலில் நலம் கேட்கிறார் என்பதிலும், குறை நேர்ந்தபோது யாரைக் காக்கிறார் என்பதிலும் அது புலப்படும். சுவார்ட்ஸ் உழவர்க்குரிய காசைத் தம் கையால் எண்ணிக் கொடுத்தார். பின்னர் விளைந்த நம்பிக்கைக்கு அச்சிறு செயலே வித்து.

அடுத்து, குணம் வழக்கமாக மாற வேண்டும். தலைவரின் இரக்கம் அவர் உள்ளத்தளவில் நின்றால் அவருடனேயே மறையும். சரபோஜியின் சத்திரத்தில் இரக்கம் நள்ளிரவு மணியாகவும், நான்கு நாள் எண்ணெய் முழுக்காகவும், மகப்பேற்றுக்குப் பின் மூன்று மாதத் தங்கலாகவும் உருவம் பெற்றிருந்தது. மறதியுள்ள ஊழியரும், அன்று மனச்சோர்வுற்ற ஊழியரும்கூட அவ்வழக்கத்தின் துணையால் நன்மை செய்ய இயலும்.

ஆனால் வழக்கம் மட்டும் போதாது என்பதையும் ஒரத்தநாடே காட்டுகிறது. எழுதி வைத்த அறமும் காலப்போக்கில் குறுகும். தலைமுறைதோறும் ஒருவர் பழைய நோக்கத்தை எடுத்துப் படித்து, இப்போது வெளியே நிற்பவர் எவர் என்று வினவ வேண்டும். பாட்டனார் எழுதி வைத்த நிலமும் பூசைக் கட்டளையும் கல்வி நிதியும் பல ஊர்களில் குடும்பங்களின் பொறுப்பில் உள்ளன. அவற்றின் வரவு செலவைப் பார்ப்பவர்கள், அவற்றில் பணியாற்றும் காவற்காரர், மடைப்பள்ளி ஊழியர், எழுத்தர் ஆகியோரின் முகத்தையும் பார்த்தல் நன்று. அவர்களுக்குரிய ஊதியம் உரிய நாளில் சேர்கிறதா, அவர்களின் பிள்ளைகள் படிக்கின்றனரா, அவர்கள் நோயுற்றால் கேட்பார் உளரா என்பவையும் அறக்கட்டளையின் கணக்கைச் சேர்ந்தவையே. தாம் பரிவு பெறாத ஒருவரிடம், வருவோர்க்கெல்லாம் பரிவு காட்டுமாறு எதிர்பார்ப்பது முறையாகாது.

முக்தாம்பாள் சத்திரத்தின் கற்களும் தூண்களும் இரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அவற்றைக் காக்கத் தொல்பொருள் அறிஞரும் பொறியாளரும் போதும். அங்கு ஒலித்த மணியைக் காப்பது, சிறிதோ பெரிதோ ஓர் அறப்பணியின் தலைமையை ஏற்றிருக்கும் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.